துன் தமிழ் மன்றத்தில் ஆட்சி மாற்றம்

துன்னில வெயில் எறிக்கிற சனிக்கிழமையில பொதுக்கூட்டம் வைக்கக்கூடாது. இதை நான் எத்தினையோ தரம் சொல்லியிருக்கிறன். வெயிலைக் கண்டால் எங்கட சனம் கோழியையும் கரியடுப்பையும் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போயிடும். கூட்டத்தில நிர்வாகமும் கதிரையளும்தான் மிஞ்சும். நாங்கள் தெரிஞ்செடுத்த நாள் நல்ல மழை. அதாலதான் மண்டபம் நிறைஞ்சது. ஆட்சி மாற்றத்துக்கு மழை முக்கியம்.

ஜெனனி பிள்ளை, நான் சொல்லுறதைப் பொலிஸ் ஐயாவுக்கு அப்பிடியே டொச் பாசையில சொல்லுங்கோ. சுருக்கவேண்டாம். நீங்கள் இஞ்ச சுவிசில பிறந்த பிள்ளை, ஏதும் சொல்லு விளங்காட்டில் கேளுங்கோ. ஒளிக்கிறதுக்கு என்னட்டை ஒண்டுமில்லை. 'கைதியள்' எண்ட சொல்லை மட்டும் பாவிக்கவேண்டாம். அவையள் விருந்தாளியளும் இல்லை, அதை ஒத்துக்கொள்ளுறன். இடையில ஏதோ ஒண்டு.

என்ர பேர் ராஜேஸ்வரி. முதியோர் இல்லமொண்டில குசினி வேலை. ஆருக்கு உப்புக் குறைக்கவேணும், ஆருக்குச் சீனி விடக்கூடாது எண்டு பாத்துப் பாத்துச் சமைக்கிற வேலை. மனுசருக்குக் கெடுதி செய்யிற ஆளெண்டால் அந்த வேலையில வைச்சிருக்கமாட்டினம். இதையும் சொல்லிவிடுங்கோ.

எங்கட தமிழ் மன்றத்தின்ர தலைவர் உருத்திரமூர்த்தி அண்ணை. அவரைப் பற்றி நான் குறையாய்ச் சொல்லமாட்டன். 2009 மே மாதம் வரைக்கும் நாங்கள் எல்லாரும் பேர்ணிலயும் ஜெனீவாவிலயும் றோட்டில நிண்டனாங்கள். பிறகு எல்லாம் முடிஞ்சுது. கையை எங்க வைக்கிறதெண்டு தெரியாமல் சனம் வீட்டுக்குப் போச்சுது. மன்றத்தின்ர பழைய நிர்வாகம் ஆளுக்கொரு பக்கம். கடைசியாய்க் கூடின கூட்டத்தில மன்றத்தை மூடுவமோ எண்டதுதான் கதை. அண்டைக்கு உருத்திரமூர்த்தி அண்ணைதான் எழும்பி, "நிலைமை சீராகும் வரைக்கும் நான் இடைக்காலத் தலைவராய் இருக்கிறன்" எண்டவர். எல்லாரும் அழுதுகொண்டு கை தட்டினம். நானும் தட்டினனான். அந்த மனுசன் எழும்பாட்டில் மன்றமே இருந்திராது.

ஆனால் நிலைமை சீராகேல்லை. ஒன்பதாவது வருசமும் அவர் இடைக்காலத் தலைவர்தான்.

அதுகூடப் பரவாயில்லை. அவரின்ர பேச்சைத்தான் தாங்க ஏலாது. "பேரன்புமிக்க தாய்த்தமிழ் உறவுகளே" எண்டு தொடங்கினாரெண்டால் சங்க காலத்தில வெளிக்கிட்டு, சோழர் காலத்தில கப்பலேறி, துன் ஏரிக்கரையில வந்து இறங்க ரெண்டு மணித்தியாலம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் பெம்பிளையள் நாங்கள் பக்கத்துக் குசினியில வடை சுட்டுக்கொண்டு நிப்பம். மேடையில ஆர் ஆடினது, ஆர் பாடினது ஒண்டும் நாங்கள் கண்டதில்லை. கை தட்டிற சத்தம் மட்டும் சுவரால வரும். அதை வைச்சு அடுத்த தாச்சிக்கு மா எடுக்கிறதோ இல்லையோ எண்டு கணக்குப் பாப்பம்.

அந்த வருசப் பொங்கல் விழாவில யசோதராவுக்குக் கையில எண்ணெய் பட்டிட்டுது. யசோதரா ஏரிக்கரை ஹோட்டல் ஒண்டில அறை துப்புரவாக்கிற பிள்ளை, தனிய இருக்கிறவள், என்னை அக்கா எண்டுதான் கூப்பிடுவாள். அவள் "ஐயோ" எண்டு கத்தினது மண்டபத்துக்குக் கேட்டிருக்கு. உடனே மைக்கில அண்ணையின்ர குரல்: "குசினியில கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கோ பிள்ளையள். இராசராசன் வந்துகொண்டிருக்கிறார்."

யசோதரா கையைத் தண்ணிக்குள்ள பிடிச்சுக்கொண்டு என்னைப் பாத்தாள். நான் அவளைப் பாத்தன். கட்சி தொடங்கினது அப்பதான்.

மறுமலர்ச்சி அணி எண்டு பேர் வைச்சம். நான், யசோதரா, பத்மநாதன் அண்ணை, என்ர மனுசன் தவச்செல்வன். பத்மநாதன் அண்ணை மன்றம் வாடகைக்கு எடுத்த கட்டடத்தின்ர ஹவுஸ்வார்ட், அதாவது படி கழுவிறது, பல்ப் மாத்திறது, பனி வழிக்கிறது எல்லாம் அவர். மண்டபத்தை எங்களுக்கு எடுத்துத் தந்ததே அவர்தான். ஆனால் ஒரு விழாவிலயாவது அவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்தினதில்லை. அது அவருக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சுகொண்டிருந்தது. என்ர மனுசனுக்கு ஒரு எரிச்சலும் இல்லை. கட்சிக் கூட்டம் எங்கட வீட்டில நடந்தது, அவரும் அந்த வீட்டில இருந்தார், அவ்வளவுதான்.

நாங்கள் எடுத்த எடுப்பிலயே வன்முறைக்குப் போகேல்லை. முறையாய்க் கேட்டனாங்கள். நானும் யசோதராவும் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்து, "அண்ணை, இந்தமுறை தேர்தல் வைப்பம்" எண்டம்.

"வைக்கத்தானே வேணும் தங்கச்சி. ஆர் வேண்டாமெண்டது?"

"எப்ப அண்ணை?"

"நிலைமை சீரானதும்."

"எந்த நிலைமை?"

அவர் தேத்தண்ணியை ஊதி ஒரு முறடு குடிச்சார். "நல்ல சாயம்" எண்டார். கதை முடிஞ்சுது.

இனி பங்கர் விசயத்துக்கு வாறன். ஐயாவுக்குத் தெரியும், இந்த நாட்டில கட்டடத்துக்குக் கீழ பங்கர் இருக்கும். எங்களுக்குப் பங்கர் புதுசில்லை. ஊரில அதை நாங்களே வெட்டி, மேல பனங்குத்தி அடுக்கி, மண்மூட்டை போட்டு, மழைக்குப் பாம்போட சேர்ந்து இருந்தனாங்கள். இஞ்ச அரசாங்கமே கொங்கிறீட்டில கட்டித் தந்து, கட்டிலும் போட்டு, சண்டை வராதபடியால் சனம் அதுக்குள்ள பழைய சைக்கிளும் வைனும் வைச்சிருக்குது. மன்றத்தின்ர குத்துவிளக்கு, கூத்து முடியள், வெள்ளை ரெஜிபோம் அட்டையில செய்த கோபுரம் எல்லாம் அங்கதான். கதவு யானைப் பாரம். ஆனால் ஒரு கையால தள்ளிச் சாத்தலாம். சுவிஸ்காரன்ர வேலையெல்லே. உள்ளுக்கிருந்தும் திறக்கலாம். ஆனால் வெளிப்பிடிக்குக் குறுக்கால பனி வழிக்கிற சவளைச் செருகிவிட்டால் பிடி அசையாது. மே மாசத்தில சவள் சும்மாதானே நிண்டது.

டிவியில ஒருக்கா பாத்தனான், எந்த நாட்டில புரட்சி நடந்தாலும் முதலில வானொலி நிலையத்தைத்தான் பிடிப்பினம். எங்களிட்டை வானொலி நிலையம் இல்லை. மைக் இருந்தது. மைக்கைப் பிடிச்சவர் விடுறதில்லை. அவர் இல்லாமல் ஒரு மணித்தியாலம் கூட்டம் நடந்தால் தேர்தலை வைச்சு முடிச்சிடலாம். ஒரே ஒரு மணித்தியாலம். நாலு பேரும் ஒத்துக்கொண்டது அதுதான். இதை நான் மறுக்கேல்லை.

அண்டைக்கு அண்ணை பட்டு வேட்டியும் மேல கோட்டும் போட்டு வந்தவர். அடுத்தநாள் கனடாவுக்குப் பயணம், மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. முகமெல்லாம் சிரிப்பு. நான் போய், "அண்ணை, குத்துவிளக்கு பங்கருக்குள்ள. எங்களால தூக்க ஏலாது" எண்டன்.

"விளக்கில்லாமல் கூட்டமோ? வாறன் தங்கச்சி."

"ஃபோனைத் தாங்கோ, சார்ஜில போட்டுவிடுறன். மகளோட கதைக்கவேணுமெல்லே."

எடுத்துத் தந்தவர். "நீர் எல்லாத்தையும் யோசிக்கிற பிள்ளை" எண்டும் சொன்னவர். அது உண்மை. நான் எல்லாத்தையும் யோசிக்கிற ஆள்தான்.

அவர் குனிஞ்சு விளக்கைத் தூக்கேக்க நான் கதவைச் சாத்தினன். யசோதரா பிடிக்குக் குறுக்கால சவளைச் செருகினாள். பத்மநாதன் அண்ணை படியில நிண்டு மேல ஆரும் வருகினமோ எண்டு பாத்தார். என்ர மனுசன் மண்டபத்தில கதிரை அடுக்கிக்கொண்டு நிண்டார். ஒரு துளி ரத்தம் சிந்தேல்லை. ஒரே குறை, விளக்கு உள்ள நிண்டிட்டுது. மெழுகுதிரி கொளுத்தித்தான் கூட்டத்தைத் தொடங்கினம்.

நான் மைக்கைப் பிடிச்சு, "உருத்திரமூர்த்தி அண்ணைக்குப் பேரப்பிள்ளை முந்தீட்டுது. இண்டைக்கே கனடாவுக்கு வெளிக்கிட்டிட்டார். பொறுப்பை உங்களிட்டை விட்டிட்டுப் போறாராம்" எண்டன். சனம் எழும்பி நிண்டு கை தட்டிச்சுது. அவர் போனதுக்கோ, பிள்ளைக்கோ, பேச்சு இல்லையெண்டதுக்கோ தெரியாது. கீழயிருந்து டொங்கு டொங்கெண்டு சத்தம் வந்தது. "ஹீட்டிங்" எண்டார் பத்மநாதன் அண்ணை. "மே மாசத்திலயோ?" எண்டு ஒருத்தர் கேட்டார். நான் நாதஸ்வர இசையைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினன். எங்கட சனத்துக்கு நாதஸ்வரம் கேட்டால் சாப்பாடு ஞாபகம் வரும், வேற ஒண்டும் வராது.

தேர்தல் நடந்தது. போட்டியில்லை. நான் தலைவி, யசோதரா செயலாளர், பத்மநாதன் அண்ணை பாதுகாப்பு, என்ர மனுசன் கதிரை. பகிடிக்குத்தான் அமைச்சரவை எண்டு சொன்னனாங்கள். ஆனால் சொல்லிப் பாத்தால் அந்தச் சொல் வாய்க்கு நல்லாய்த்தான் இருந்தது.

எங்கட ஆட்சியின்ர முதல் சட்டம்: ஒருத்தரும் மூண்டு நிமிசத்துக்கு மேல பேசக்கூடாது. ரெண்டாவது சட்டம்: இனி வடை ஆம்பிளையள் சுடவேணும். அண்டைக்கே அமுலுக்கு வந்தது. கோட்டுப் போட்ட ஆம்பிளையள் குசினிக்குள்ள நிண்டு, வடைக்கு ஓட்டை உள்ளங்கையில போடுறதோ தாச்சியில போடுறதோ எண்டு சண்டை பிடிச்சினம். பெம்பிளையள் மண்டபத்தில கால் நீட்டி இருந்து சுடச்சுடக் கேட்டு வாங்கித் திண்டினம். ஒரு அம்மா என்ர கையைப் பிடிச்சு, "சுவிசுக்கு வந்து இண்டைக்குத்தான் பிள்ளை வடை சூடாய்த் திண்டனான்" எண்டு அழுதா. ஜெனனி, இதை ஐயா நல்லாய்க் கேக்கவேணும். நாங்கள் செய்தது நன்மை.

கூட்டம் முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல போச்சுது. நான் யோசிச்சன். இப்ப கதவைத் திறந்தால் அண்ணை மேல வந்து தேர்தல் செல்லாதெண்டு சொல்லுவார். அதை மூண்டு நிமிசத்திலயும் சொல்லமாட்டார். ஆட்சி பிறந்து பால் மணம் மாறேல்லை. கொஞ்சம் காலூன்றட்டும் எண்டு விட்டன். அண்ணையின்ர ஃபோனாலயே மன்றத்தின்ர வாட்ஸ்அப் குழுவை என்ர பேருக்கு மாத்தி, அவரை அதிலயிருந்து நீக்கினன். பூட்டில்லாத ஃபோன். வெளிப்படையான நிர்வாகம் எண்டு அடிக்கடி சொல்லுவார், ஃபோனில மட்டும் அது உண்மையாயிருந்தது. மகளுக்கு, 'மகள், பயணம் பின்போட்டாச்சு' எண்டு ஒரு செய்தி அனுப்பினன்.

அவர் பட்டினி கிடந்தாரெண்டு ஆரும் சொன்னால் பொய். அவரின்ர வீட்டுக் கதவுத் திறப்பு கோட்டுக்குள்ள இருந்தது. கேட்டு வாங்கி, சீனி வருத்தத்துக்குக் குடிக்கிற குளிசையை நானே போய் எடுத்துவந்தன். குரக்கன் புட்டு, கீரை, தோல் உரிச்ச கோழி. வீட்டில தனிய இருந்து இடியப்பமும் சொதியுமாய்த் திண்ட மனுசன். காத்துக்கு ஒரு மெசின் இருக்கு, கையால சுத்தினால் வெளிக்காத்து உள்ள வரும். நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இப்ப சுத்தித்தானே ஆகவேணும்.

முதல்நாள் சாப்பாடு குடுக்கேக்க அவர் கோபப்படேல்லை. கட்டிலில இருந்தவர். "தங்கச்சி, நான் இருக்கிறன். உங்களுக்கு என்ன வேணுமோ செய்யுங்கோ. லைட்டை மட்டும் நிப்பாட்டாதையுங்கோ" எண்டார். ஊரில ஒருக்கா பங்கர் மூடுப்பட்டு, ஆக்கள் கிண்டி எடுக்கும்வரைக்கும் உள்ள கிடந்தவராம். எனக்குப் பாவமாய்த்தான் இருந்தது. நான் லைட்டை நிப்பாட்டேல்லை. பகலில.

கரண்ட்டை வீணாக்கக் கூடாதெல்லே. அது மன்றத்துக் காசு.

ஞாயிறு மத்தியானம் யசோதரா வந்தாள். முகம் சரியில்லை. "அக்கா, ஒரு மணித்தியாலம் எண்டுதானே சொன்னனீங்கள்."

"ஓம்."

"அந்தாள் பாவம் அக்கா. நான் நித்திரை கொள்ளேல்லை. நானே போய்த் திறந்துவிடப் போறன்."

"தனியப் போகவேண்டாம், நானும் வாறன்" எண்டன். ரெண்டு பேரும் போனம். சவளை நான் எடுத்தன். அவள் "அண்ணை" எண்டு கூப்பிட்டுக்கொண்டு உள்ள ஓடினாள். அப்ப நான் யோசிச்சன், இவளுக்குத்தான் அவரோட கதைக்கிறதுக்கு நிறைய இருக்கு, ஆறுதலாய்க் கதைக்கட்டும் எண்டு. சாத்திவிட்டன். அவள் கதவில அடிச்ச சத்தம் கொஞ்சம் மனதுக்குக் கஷ்டமாய்த்தான் இருந்தது. மேல போய் நாதஸ்வரத்தைப் போட்டன். அவளின்ர ஹோட்டலுக்கு ஃபோன் எடுத்து, வயித்துக்குச் சரியில்லையாம் எண்டு சொன்னன். இந்த நாட்டில ரெண்டு மூண்டு நாளைக்கு டொக்டர்ட்டைத் துண்டு வாங்கத் தேவையில்லை. நல்ல நாடு.

செயலாளரின்ர பொறுப்பையும் நான் எடுத்தன். தற்காலிகமாய்.

யசோதராவும் உள்ள எண்டது பத்மநாதன் அண்ணைக்கு மறுநாள் தெரிஞ்சுபோச்சு. வேலை போயிடும், குடும்பத்தோட தெருவில நிக்கவேண்டி வரும் எண்டு புலம்பினார். நான் ஆறுதல் சொன்னன். பிறகு, "அண்ணை, அந்தக் காத்து மெசினை அவையள் பிழையாய்ச் சுத்துகினம் போல. ஒரு மாதிரிச் சத்தம் வருது. உங்களை விட்டால் ஆருக்குத் தெரியும்?" எண்டன். வேலையெண்டு வந்தால் பத்மநாதன் அண்ணை நிண்டு யோசிக்கமாட்டார். "ஐயோ, உடைச்சுப்போடுவினம்" எண்டு தானாய்த்தான் உள்ள போனார். கட்டடத்துத் திறப்பு எல்லாம் அவரின்ர இடுப்பில. சவளுக்குத் திறப்புத் துவாரம் இல்லை. அவரின்ர மனிசிக்கு, வில் நகரப் பக்கம் அவசர வேலையாய்ப் போறாராம் எண்டு சொன்னன்.

அதுக்குப் பிறகுதான் எனக்கு வேலை கூடினது. வேலைக்குப் போய்வந்து, அந்தக் கட்டடத்துப் படி முழுக்க நான் கழுவினன். உடுப்புத் தோய்க்கிற அறையில ஆர் எந்த நாள் தோய்க்கிறதெண்டு மூண்டாம் மாடி அம்மாவுக்கும் முதலாம் மாடி ஐயாவுக்கும் வந்த சண்டையையும் நான்தான் தீர்த்துவைச்சன். படி இப்பிடி மினுங்கினதைத் தான் கண்டதில்லையெண்டு ஒரு சுவிஸ் அம்மா சொன்னா. ஒருத்தரும் பத்மநாதன் அண்ணையைத் தேடேல்லை. துப்புரவாய் இருந்தால் இந்த ஊரில ஆரையும் தேடமாட்டினம்.

என்ர மனுசன் எல்லாம் பாத்துக்கொண்டுதான் இருந்தார். புட்டுப்பானை பெருக்கப் பெருக்க ஒண்டும் கேக்கேல்லை. மூண்டு பேருக்குச் சாப்பாடு பாரமெண்டு செவ்வாய்க்கிழமை அவரைத் தூக்கி வரச் சொன்னன். கதவைத் திறக்க உள்ளயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்கு அது பிடிக்கேல்லை. கூத்து முடியளைத் தலையில வைச்சுக்கொண்டு மூண்டு பேரும் கட்டிலில வட்டமாய் இருக்கினம். கையில விளையாட்டுக் கடுதாசிக்கூட்டம். பத்மநாதன் அண்ணையின்ர பொக்கற்றுக்குள்ள இருந்திருக்கு. நான் வாசலில சவளோட நிண்டபடியால் ஒருத்தரும் எழும்பேல்லை.

உருத்திரமூர்த்தி அண்ணை என்ர மனுசனைப் பாத்து, "தவச்செல்வன், முந்நூத்திநாலு விளையாட ஒரு கை குறையுது" எண்டார்.

மனுசன் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழ வைச்சார். என்னைத் திரும்பிப் பாத்தார். கலியாணம் முடிச்ச காலத்தில பாத்த மாதிரி ஒரு பார்வை. பிறகு செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள போய் இருந்திட்டார்.

"என்னப்பா, வீட்டை வரேல்லையோ?"

"இல்லை. நீர் சாத்தும்."

நான் அவரை அடைச்சனெண்டு எழுதவேண்டாம் பிள்ளை. அவர் தானாய்ப் போனவர். நான் சாத்தினது மட்டும்தான்.

புதன்கிழமை அமைச்சரவைக் கூட்டம் நடந்தது. நான் மட்டும்தான் போனன். தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாய் நிறைவேறிச்சுது. இவ்வளவு ஒழுங்கான கூட்டம் மன்றத்தின்ர வரலாற்றில நடந்ததில்லை. ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு இருக்கேக்க, எதிர்க்கதிரை வெறுமையாய் இருந்தது. அந்த மனுசன் ஒருநாளும் பெரிசாய்க் கதைச்சதில்லை. கதைக்காமல் இருக்கிறதுக்கும் ஒரு ஆள் வேணுமெண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சது. பிறகு எனக்கு மன்றத்தில நடனம் பழக்கிற ரீச்சரின்ர ஞாபகம் வந்தது. அவ வாட்ஸ்அப்பில ஏதோ கேள்வி கேட்டிருந்தா. பொருளாளரும் கேட்டிருந்தார். அந்தப் பங்கரில கட்டடத்துச் சனம் முழுக்கப் படுக்கலாம், சுவிஸ் சட்டம் அப்பிடி. இடம் காணாதெண்ட பயம் எனக்கு ஒருநாளும் இருக்கேல்லை.

வியாழன் மத்தியானம் நீங்கள் வந்தனீங்கள். நான் படி கழுவிக்கொண்டு நிண்டனான். காய்ஞ்ச பக்கத்தால வாங்கோ, வழுக்கும் எண்டு சொன்னனானோ இல்லையோ, ஐயாவைக் கேளுங்கோ. கனடாவில இருந்து மகள்தான் பொலிசுக்கு எடுத்தவவாம். அப்பா 'பேரன்புமிக்க' எண்டு தொடங்காமல் ஒரு செய்தியும் அனுப்பினதில்லை, மூண்டு சொல்லோட நிப்பாட்டினதுமில்லை, அப்பாவுக்கு ஏதோ நடந்திட்டுது எண்டு அழுதவவாம். அந்த ஒண்டைத்தான் நான் யோசிக்கேல்லை. மூண்டு நிமிசச் சட்டம் எனக்கே வினையாய் வந்திட்டுது.

பங்கர் எங்கயெண்டு கேட்டீங்கள். நானே கூட்டிக்கொண்டுபோய், நானே சவளை எடுத்தன். திறந்தால் நாலு பேரும் கட்டிலில. குத்துவிளக்கு எரியுது. லைட் இல்லாத நேரத்துக்கெண்டு ஏத்தினவையாம், ரோல்ஸ் பொரிக்கவெண்டு மன்றம் அங்க வைச்சிருந்த எண்ணெயைத்தான் விட்டிருக்கினம். ஐயா "பொலிஸ்" எண்டு சொல்ல, உருத்திரமூர்த்தி அண்ணை கையைத் தூக்கி, "ஒரு நிமிசம், இந்தக் கை முடியட்டும்" எண்டார். யசோதராதான் ஐயாவைக் கண்டதும் அழுதாள். அழுதுகொண்டும் கடுதாசியைக் கீழ வைக்கேல்லை.

நான் செய்தது எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். நாலு பேருக்கும் கதவைச் சாத்தினது நான்தான். ஒருத்தரும் என்னை ஏவேல்லை. யசோதராவும் பத்மநாதன் அண்ணையும் முதல் ஒரு மணித்தியாலத்துக்குத்தான் உடந்தை, மிச்சம் முழுக்க நான். கையெழுத்து எங்க வைக்கவேணுமோ வைக்கிறன். எனக்கு என்ன தண்டனை தந்தாலும் ஏற்றுக்கொள்ளுவன்.

ஆனால் நான் சொல்லவந்தது இது இல்லை. ஐயா எனக்கு முதலே அவையளிட்டை வாக்குமூலம் எடுத்தவர்தானே. அதில ஒரு விசயம் வெளிவந்ததாம், பிள்ளை, நீங்கள்தானே எனக்குச் சொன்னீங்கள். புதன்கிழமை உள்ளுக்குள்ள அவையள் ஒரு பொதுக்கூட்டம் வைச்சிருக்கினம். உருத்திரமூர்த்தி அண்ணை எழும்பி, "நிலைமை இனிச் சீராகாது, நான் விலகிறன்" எண்டு சொன்னாராம். மூண்டு நிமிசம்கூட எடுக்கேல்லையாம். யசோதராவின்ர கையில இருந்த எண்ணெய்த் தழும்பைப் பாத்து மன்னிப்பும் கேட்டாராம். பிறகு அவளைத் தலைவியாய் முன்மொழிஞ்சவர் அவரே. பத்மநாதன் அண்ணைக்கு மேசைச்சீலையால பொன்னாடை போத்தினவையாம். இனி வடை ஆம்பிளையள்தான் சுடுறதெண்டும் தீர்மானமாம். தவச்செல்வனும் கை உயர்த்தினவராம். வீட்டில அந்த மனுசன் எதுக்கும் கை உயர்த்தி நான் கண்டதில்லை.

நாங்கள் கேட்டது முழுக்க அதுதானே பிள்ளை. அதை என்னை விட்டிட்டுச் செய்திருக்கினம்.

ஐயாவைக் கேளுங்கோ. பூட்டின கதவுக்குப் பின்னால, வெளியில நிண்ட ஒரு உறுப்பினருக்கு ஒரு சொல்லு அறிவிக்காமல் நடத்தின தேர்தல் இந்த நாட்டுச் சட்டப்படி செல்லுமோ? அந்தக் கதவுக்கு முன்னால நான்தானே நிண்டனான். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் கேட்டிருப்பன். இதை வடிவாய் எழுதச் சொல்லுங்கோ. நான் அவையளுக்கு எதிராய் ஒரு முறைப்பாடு குடுக்கவேணும்.